திருக்கோணமலைப் பகுதியின் மரணப் பதிவுகள்: வரலாறும் தேடும் முறையும்

திருக்கோணமலை நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் கன்னியா வெந்நீரூற்றுக்கள் ஏழு உள. அவற்றின் தோற்றம் பற்றிய ஐதிகம் இப்பகுதியினர் யாவரும் அறிந்ததே. தாயின் வழிபாட்டின் பொருட்டுக் கோணமலையைப் பெயர்க்க முயன்றான் இராவணன். அவனைத் தடுத்தற்குத் திருமால் அந்தணர் வடிவில் தோன்றி, அவன் தாய் இறந்துபட்டாள் என்று கூறினார். அவளுக்குரிய கிரியைகளைச் செய்தற்கெனத் தண்டினால் ஊன்றிய ஏழிடங்களிலும் வெந்நீர் சுரந்தது என்பது கதை. கதை பலவாறு சொல்லப்படினும் கிரியையும் ஊற்றும் அதில் தவறாது இடம்பெறும். அந்நினைவு பற்றியே சைவ மக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்விடத்தில் இறந்தோர்க்குரிய கடன்களை ஆற்றி வந்துள்ளனர்.

இக்கதையில் கருதத்தக்கது ஒன்று உண்டு. இராவணன் கேட்டது ஒரு மரணச் செய்தி. அதனை அறிவித்தவர் யார், இறந்தது எவ்விடத்து, உடன் இருந்து கண்டவர் எவர் என்று அவன் வினவினானல்லன். அன்பு மிக்கவிடத்து அவ்வினாக்கள் எழுவதில்லை. ஆயின் காணிப் பங்கீட்டை ஆராயும் நீதிமன்றமும், கைம்பெண்ணுக்கு ஓய்வூதியம் வழங்கும் திணைக்களமும், சென்ற காலத்தை ஆராயும் வரலாற்றாசிரியனும் அவற்றை வினவியே தீர்தல் வேண்டும். மரணம் நிகழ்தல் ஒன்று. அது நிறுவப்படுதல் பிறிதொன்று. முன்னது இயற்கையின் செயல். பின்னது மக்கள் சமுதாயத்தின் செயல். பல ஆட்சிகள் மாறி மாறிக் கைப்பற்றிய துறைமுகமும், போரினாலும் கடலினாலும் மக்கள் சிதறிய நிலமுமாகிய திருக்கோணமலையில் இப்பின்னைய செயல் எவ்வாறு நடைபெற்று வந்தது என்பதும், இறந்த ஒருவரின் பதிவை இன்று தேடுவோர் எவ்வழிச் செல்லல் வேண்டும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கல்லும் ஏடும்

கோணேசர் மலையின் உச்சியில், கடலை நோக்கிய பாறை விளிம்பருகே, கற்றூண் ஒன்று நிற்கின்றது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் அழிவுற்ற பண்டைக் கோயிலின் தூண்களுள் அஃது ஒன்று எனக் கருதுவர். அதன்மேல் ஒல்லாந்த மொழியிற் பொறிக்கப்பட்ட வாசகம், பிரான்சினா வான் ரீட என்னும் மங்கையின் நினைவாக அஃது 1687ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆந் தேதி நிறுவப்பட்டதென அறிவிக்கின்றது. அவள் ஒல்லாந்த வர்த்தகக் கழகத்தின் உயர் ஆணையாளரும், மலையாள நாட்டு மரஞ்செடிகளைப் பற்றிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலை ஆக்குவித்தவருமாகிய ஹென்றிக் வான் ரீடவின் மகளாக வளர்ந்தவள். காதலன் கப்பலேறிச் சென்றமை பொறாது அவள் அப்பாறையினின்றும் கடலிற் குதித்து உயிர் துறந்தாள் என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. 'காதலர் பாய்ச்சல்' என்று அவ்விடத்துக்குப் பெயரும் வாய்த்தது. ஆயின் 1687ஆம் ஆண்டுக்குப் பின்னரும் அவள் உயிர்வாழ்ந்து மணவாழ்க்கை எய்தினாள் என்பது ஒல்லாந்த ஆவணங்களால் தெளியப்பட்டது. கல்வெட்டில் மரணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பார்த்தோர் உள்ளமே அதனை அங்கு எழுதிக்கொண்டது.

இதற்கு மறுதலையான ஒரு சான்று கொட்டியாரக் குடாவைச் சார்ந்தது. 1660ஆம் ஆண்டு அக்குடாவிற் புகுந்த ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸ் என்பவரும், வேறு சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு பெப்புருவரித் திங்களிலே தந்தை காய்ச்சலால் இறந்தார். கண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில், துணையற்ற நிலையில், மகனே புதைகுழி அமைக்க நேர்ந்தது. அவர் 1679ஆம் ஆண்டு தப்பிச்சென்று, 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலிலே தந்தை இறந்த நாளையும் ஊரையும் நோயையும் குறித்துவைத்தார். கல்லும் இல்லை, கோயிலேடும் இல்லை. ஆயினும் மகனின் எழுத்து அம்மரணத்தை நிலைநிறுத்திற்று.

மூன்றாவது சான்று நகரின் பழைய இடுகாட்டில் உளது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரரும் பிரித்தானியக் கடற்படைத் தளபதியுமாகிய சாள்ஸ் ஒஸ்ரின் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் இறந்தது திருக்கோணமலையிலன்று. பர்மாவின் ஐராவதி ஆற்றிலே, 1852ஆம் ஆண்டு ஒற்றோபர் 7ஆந் தேதி. கல்லறை ஓரிடத்தும் மரணம் வேறிடத்தும் அமைதல் துறைமுக நகரங்களுக்கு இயல்பு. இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறைப் பொறிப்புக்களையெல்லாம் திரட்டி, ஜே. பென்றி லூயிஸ் என்னும் அரசாங்க சேவையாளர் 1913ஆம் ஆண்டு ஒரு பெருந்தொகுதியாக வெளியிட்டார். பழைய இடுகாட்டுக் கற்கள் சிதைந்து வருங் காலத்தில் அத்தொகுதியின் பயன் பெரிது.

கல் நினைவை நிறுத்தும். ஆனால் நினைவு எல்லாம் மரணமாகாது. புதைத்த இடம் இறந்த இடமும் ஆகாது. பதிவைத் தேடுவோர் முதற்கண் மனங்கொள்ளத்தக்கவை இவை.

ஆட்சிகளும் பதிவேடுகளும்

ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் தோம்பு என்னும் பதிவேடுகளைப் பேணினர். காணித் தோம்பு நிலத்தையும் அதன் உரித்தாளரையும் குறித்தது. பள்ளித் தோம்போ கிறித்தவப் பள்ளிக்கூட ஆசிரியராற் பேணப்பட்டு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் என்பவற்றைக் குறித்தது. குடும்ப உறவை நிறுவுதற்குப் பிற்காலத்து நீதிமன்றங்கள் இத்தோம்புகளைச் சான்றாக ஏற்றன. ஆயினும் திருச்சபையின் வரம்புக்குட்பட்டோர் பெயர்களே பள்ளித் தோம்பில் இடம்பெற்றன. தம்பலகாமத்து வயலில் உழைத்த சைவ வேளாளனும், மூதூரில் வலை வீசிய முஸ்லிம் மீனவனும் அவ்வேட்டின் வரம்புக்கு வெளியே வாழ்ந்து வெளியே மறைந்தனர்.

அன்றியும், இத்துறைமுகம் பல கைமாறிற்று. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே சனவரியில் ஆங்கிலேயரும் ஓகத்தில் பிரான்சியரும் இதனைக் கைப்பற்றினர். பின்னர் மீண்டும் ஒல்லாந்தர்க்குக் கிடைத்தது. 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி மாறுந்தோறும் ஏடுகளும் இடம் மாறுதல் இயல்பு. ஆதலால் ஒல்லாந்தர் காலத்து ஏடுகளைத் தேடுவோர் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் ஹேக் நகரத்துச் சுவடிகள் நிலையத்தையும் நாடல் வேண்டும். பிரித்தானியக் கடற்படையினர் பற்றிய ஏடுகள் இலண்டனைச் சார்ந்த கியூ என்னுமிடத்தில் உள்ளன. கத்தோலிக்க, அங்கிலிக்க, மெதடிஸ்த ஆலயங்கள் தத்தம் சபையோரின் அடக்கப் பதிவுகளைத் தாமே பேணும் வழக்கமுடையன.

1867ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாகச் சமய வேறுபாடின்றி எல்லா மக்களின் பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதிவுசெய்யும் முறை இலங்கையிற் கால்கொண்டது. 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தை ஒட்டி 1897ஆம் ஆண்டு முதல் பதிவு கட்டாயமாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள முறைக்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமாகும். திருச்சபையின் ஏட்டில் இடம்பெறாத ஏழைக் குடியானவனுக்கும் இம்முறையால் அரசாங்க ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. அவ்வரியிலே பெயர், பால், வயது, இனம், தொழில், தாய் தந்தையர் பெயர், இறந்த நாள், இடம், மரண காரணம், அடக்கம் அல்லது தகனம் செய்த இடம், அறிவித்தவர் பெயர் ஆகியன இடம்பெறும்.

இவ்வேடுகளின் பயன் தனிக் குடும்பங்களோடு முடிவதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்று கணித்தற்கு மரணப் பதிவேடுகளே துணையாயின. 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலே ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. நுளம்பை ஒழிக்கும் டீ.டீ.ரீ. மருந்தே காரணம் என்றும், உணவு மருத்துவ வசதிகளின் பெருக்கமும் காரணம் என்றும் உலகத்து அறிஞர் பல்லாண்டு வாதிட்டனர். ஊர்ப் பதிவாளர்கள் நாடோறும் எழுதிய வரிகள் இல்லையாயின் அவ்வாதத்துக்கே இடமிராது.

பதிவும் பிரதியும்

இப்பதிவு முறையின் முதன்மையான விதி, மரணம் நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரே அதனைப் பதிவார் என்பதாகும். இறந்தவர் பிறந்த ஊரோ, நிலையாக வாழ்ந்த ஊரோ, அடக்கம் செய்யப்பட்ட ஊரோ இங்குக் கருதப்படுவதில்லை. வெருகலில் வாழ்ந்த முதியவர் திருக்கோணமலை நகரத்து மருத்துவமனையில் இறப்பின், அவர் பெயர் நகரப் பிரிவின் ஏட்டிலேயே காணப்படும். மட்டக்களப்பு மருத்துவமனையில் இறப்பின் அம்மாவட்டத்து ஏட்டில் இருக்கும். ஊரிலுள்ள ஏட்டைப் பலமுறை புரட்டியும் பெயர் காணாது மீள்வோர் பெரும்பாலும் இவ்விதியை அறியாதோரே.

வீட்டில் நிகழ்ந்த மரணத்தை உறவினர் அல்லது வீட்டுக்குரியவர் கிராம உத்தியோகத்தர்க்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பிறப்பு இறப்பு விவாகப் பதிவாளரை அடைவர். முற்காலத்தில் இக்கடமை விதானைமாரைச் சார்ந்திருந்தது. மருத்துவமனை மரணமாயின் வைத்திய அதிகாரி மரண காரணத்தை எழுதித் தருவார். திடீர் மரணமும் ஐயத்துக்குரிய மரணமும் மரண விசாரணை அதிகாரியின் அல்லது நீதவானின் விசாரணைக்குட்படும். அத்தகைய மரணத்தைப் பற்றி ஆராய்வோர் பதிவேட்டின் ஒரு வரியோடு நில்லாது, விசாரணை அறிக்கையையும் நாடுதல் தகும். மரணத்தை ஐந்து நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்பது விதி. மூன்று மாதங் கடந்தால் அது காலந்தாழ்ந்த பதிவாகி, சத்தியக் கடதாசியும் வேறு சான்றுகளும் வேண்டப்படும்.

பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை வேண்டுவோர், மரணம் பதிவுசெய்யப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பர். பதிவிலக்கமும் தேதியும் தெரிந்தவர்க்குச் செலவும் காத்திருப்பும் குறைவு. அவை தெரியாதவர்க்காக ஏடுகளைத் தேடுதல் வேண்டியிருப்பதாற் கட்டணம் மிகும். அவரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்றாவது சொல்லல் வேண்டும். ஆகவே பழைய பிரதி ஒன்று வீட்டில் இருப்பின், அதிலுள்ள இலக்கத்தைப் பிறிதோரிடத்தும் எழுதிவைத்தல் எளிய காப்பாகும்.

திருக்கோணமலை மாவட்டத்தில் இன்று 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. பட்டினமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல், சேருவில, கந்தளாய், மொரவெவ, கோமரன்கடவல, பதவிசிறிபுர என்பன அவை. பழைய பகுப்போ கட்டுக்குளம்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று, திருக்கோணமலை நகரம் என அமைந்தது. பாட்டனாரின் மரணத்தைத் தேடும் பேரன், அவர் வாழ்ந்த ஊர் அன்று எப்பற்றில் இருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். இன்றைய பிரிவின் பெயரை மட்டும் கொண்டு தேடுவோன் பாதி வழியில் நின்றுவிடுவான்.

பெயரும் ஓர் இடர்ப்பாடு. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதுவது தமிழர் வழக்கு. எழுதுவோர் அதனை மாற்றி எழுதியிருத்தல் கூடும். வீட்டில் வழங்கிய செல்லப்பெயரே ஏட்டில் ஏறியிருத்தலும் உண்டு. கந்தையா என்ற பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக வரும். முஸ்லிம்களின் அரபுப் பெயர்கள் தமிழெழுத்தில் எழுதப்படும்போதும் இவ்வேறுபாடு நேரும். இறந்தவர் பெயரோடு அவருடைய தந்தை பெயரையும், அறிவித்திருக்கக்கூடிய உறவினர் பெயரையும் குறித்துச் செல்வோர்க்கு, ஒத்த பெயருடையார் பலருள் உரியவரைத் தெளிதல் எளிதாகும். ஏட்டிற் பிழை காணப்படின் அதனைத் திருத்த விண்ணப்பிக்கும் வழியும் சட்டத்தில் உண்டு.

திதியும் தேதியும்

அரசாங்க ஏட்டுக்கு வேண்டுவது தேதி. சைவக் குடும்பம் நினைவில் வைத்திருப்பது திதி. தந்தையின் சிராத்தத்தை ஆண்டுதோறும் தவறாது செய்யும் மகன், அவர் இறந்த ஆங்கிலத் தேதியை அறியாதவனாக இருத்தல் வியப்பன்று. ஐப்பசி மாதத்து அபரபக்க நவமி என்பதே அவனுக்குத் தெரியும். ஏட்டைத் தேடும் கண் கொண்டு நோக்கின், அந்நினைவே ஒரு மரணப் பதிவு.

அதனை எழுத்தில் நிறுத்துவது ஈழத்துச் சைவர்க்குரிய ஒரு வழக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது, இறந்தவர் நினைவாகக் 'கல்வெட்டு' என்னும் சிறு நூல் அச்சிட்டு வழங்கப்படும். அதில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும், வம்சாவளியும், உறவினர் புலம்பலாக அமைந்த பாக்களும், யாவற்றினும் முதன்மையாகத் திதி வெண்பாவும் இடம்பெறும். ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் அவ்வெண்பா அடக்கிநிற்கும். மனனஞ் செய்தற்கு எளிதாகிய யாப்பில் நாளைப் பொதிந்து வைத்த முன்னோரின் நோக்கு, தாள் அழியினும் செவிவழி நிலைக்க வேண்டும் என்பதே. பல குடும்பங்களில் அரசாங்கப் பத்திரம் தொலைந்துபோன பின்னரும் கல்வெட்டு ஒன்று பெட்டியடியிற் கிடைத்தலுண்டு.

திதியைத் தேதியாக மாற்றுதற்குச் சில விழிப்புக்கள் வேண்டும். முதலாவது, ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை மீளும். விரோதி என்றால் 1889ஆம் ஆண்டும் ஆகும், 1949ஆம் ஆண்டும் ஆகும், 2009ஆம் ஆண்டும் ஆகும். இறந்தவரின் வயதும் வம்சாவளியுமே ஐயத்தை நீக்கும். இரண்டாவது, தமிழாண்டு சித்திரையிற் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மரணங்கள் அடுத்த ஆங்கில ஆண்டைச் சாரும். மூன்றாவது, வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதியின் எல்லையிற் சில நாழிகை வேறுபடும்; அதனால் ஒருநாள் முன்பின்னாதல் கூடும். நான்காவது, தமிழர்க்கு நாள் சூரியோதயத்தில் தொடங்கும்; பதிவேட்டுக்கு நள்ளிரவில் தொடங்கும். திங்கட்கிழமை இரவு கடந்து இரண்டு மணிக்குப் பிரிந்த உயிரை வீட்டார் திங்கள் என்பர். பதிவாளர் செவ்வாய் என்று எழுதுவார். கணித்த தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாளையும் சேர்த்துத் தேடுதல் அறிவுடைமையாகும்.

ஊர் நீங்கி இறந்தோர்

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. அப்போரில் இறந்த பொதுநலவாயப் படையினர் பலர் நிலாவெளி வீதியிலுள்ள போர் இடுகாட்டில் அடங்கியுள்ளனர். உடல் கிடைத்தோர்க்குக் கல்லும், கடலில் மறைந்தோர்க்கு இங்கிலாந்து நாட்டு நினைவுத்தூண்களிற் பெயரும் உண்டு. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதன் இடத்தை அறிதல் இன்று எவர்க்கும் இயலும். ஓர் அரசாங்கம் உறுதிகொள்ளுமாயின் இறந்தோரை ஒருவர் ஒருவராகக் கணக்கிடல் கூடும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

இம்மாவட்டத்துக் குடிமக்கள் நிலையோ வேறு. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை, மூவினத்து மக்களும் பலகாலும் ஊர் பெயர நேர்ந்தது. 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் இருந்து பெயர்ந்தோர் மட்டக்களப்பு மாவட்டத்து முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். வேறு பலர் வன்னிக்கும், கடல் கடந்து தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கும் சென்றனர். மரணம் நிகழ்ந்த இடமே பதிவிடம் என்னும் விதியின்படி, அவர்களுட் பலருடைய பெயர்கள் பிறமாவட்டத்து ஏடுகளிலே கிடக்கின்றன. தமிழ்நாட்டில் இறந்தோர்க்கு இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி அவ்விடத்துப் பதிவாளரே சான்றிதழ் தருவர். வெளிநாட்டில் இறந்த இலங்கைக் குடிகளின் மரணத்தை இலங்கைத் தூதரகத்தின் வாயிலாகவும் பதிதல் கூடும். ஊர் திரும்பிய குடும்பம் முதுசக் காணியின் உறுதியை மாற்ற முற்படும்போதே இச்சிதறலின் துன்பம் முழுதும் புலப்படும். தந்தையின் பத்திரம் ஒரு கடலுக்கப்பாலும், தாயின் பத்திரம் வேறொரு மாவட்டத்திலும், நிலம் சொந்த ஊரிலும் இருக்கும்.

உடல் கிடையாதோர்

யாவற்றினும் அரியது, இறந்தமை அறியப்படாதோரின் நிலை. பழைய தருமநூல்கள் இதனை எண்ணாது விடவில்லை. காணாமற்போனவர் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி இல்லையாயின், தருப்பையால் உருவம் அமைத்து அதற்குக் கிரியை செய்யலாம் என விதித்தன. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏழாண்டு என எல்லை வகுத்தது. இரண்டும் ஒரே இடர்ப்பாட்டுக்கு விடை தேடியவை. எவ்வளவு காலம் காத்திருத்தல் அன்பு, எப்போது தொடங்கி அது வாழ்வோர்க்குத் தடை என்பதே அவ்வினா.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. கிண்ணியாவும் மூதூரும் குச்சவெளியும் பெருஞ் சேதமுற்றன. கிண்ணியா மருத்துவமனையே அழிந்தது. கடல் கொண்ட உடல்கள் பல மீளவில்லை. ஏழாண்டு காத்திருக்கச் சொல்வது கொடுமையாகும் என உணர்ந்து, 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் அவர்களின் மரணத்தை விரைந்து பதிய வழி செய்தது. போர்க்காலத்திற் காணாமற்போனோர்க்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேற் செய்தி இல்லையாயின் மரணப் பதிவு பெற இடந்தந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் பெரிதும் ஏற்கப்பட்ட அவ்வழியைப் போருக்குப் பின் பல தாய்மார் ஏற்க மறுத்தனர். அலை கொண்டுசென்றதைக் கண்ணாற் கண்டவர்க்குப் பத்திரம் ஒரு முடிவு. உயிரோடு கொண்டுசெல்லப்பட்ட மகனைப் பற்றி ஒரு சொல்லும் கேளாதவளுக்கு, அதே பத்திரம் தன் கையொப்பத்தால் மகனைக் கொல்வது போலாகும். அவள் அறிய விரும்புவது யாது நிகழ்ந்தது என்பதை. அவளுக்கு நீட்டப்படுவது நிகழ்ந்தது முடிந்தது என்னும் தாள். பத்திரம் இன்றேல் வங்கிக் கணக்கும் சேமலாப நிதியும் காணியும் அசையா. பத்திரம் பெற்றாலோ தேடும் உரிமை தளர்ந்துவிடும் என்ற அச்சம். இவ்விருதலைத் துன்பத்தைக் கருதி, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் காணாமற்போனமைச் சான்றிதழை ஏற்படுத்தியது. அது மரணத்தைக் கூறாமலே குடும்பத்தினர் உதவி பெறவும் சொத்தைப் பராமரிக்கவும் துணைபுரியும். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அமைந்தது. ஆயினும் தாய்மார் வேண்டும் விடையைச் சான்றிதழ் எதுவும் தானாகத் தருவதில்லை. திதி அறியாமையால் ஆடி அமாவாசையிலே கோணேசர் தீர்த்தத்துக்கு வருவதா, வாராதிருப்பதா என்று தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

முடிவுரை

ஒல்லாந்தர் தம் திருச்சபைக்காகவும், கடற்படை தன் ஆட்களுக்காகவும், அரசாங்கம் தன் கணக்குக்காகவும், குடும்பம் சிராத்தத்துக்காகவும் மரணத்தை எழுதிவைத்தன. ஒவ்வொன்றும் தன் நோக்கத்துக்கு வேண்டியதை எழுதி, வேண்டாததை விடுத்தது. ஆகவே ஓர் ஏட்டிற் பெயர் இல்லாமை, அம்மனிதர் இருந்திலர் என்பதற்கோ இறந்திலர் என்பதற்கோ சான்றாகாது. ஒன்றில் விடுபட்டதைப் பிறிதொன்றால் நிரப்புதலே ஆராய்வோன் தொழில்.

மாணவர் தத்தம் ஊரில் ஆற்றக்கூடிய பணியும் ஒன்று உண்டு. பெட்டிகளிற் கறையானுக்கு இரையாகும் கல்வெட்டு நூல்களைத் திரட்டலாம். இடுகாட்டுக் கற்களையும் பள்ளிவாசல் மையவாடிக் குறிப்புக்களையும் உரியோர் இசைவுடன் படியெடுக்கலாம். முதியோர் நினைவிலுள்ள திதிகளைத் தேதியோடு பொருத்தி எழுதலாம். நகரிலும் சிற்றூரிலும் இப்பணி தொடங்குமாயின், காணிக்காகப் பிரதேச செயலகத்து வாயிலில் நிற்கும் கைம்பெண்ணுக்கும், நாளை இப்பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கும் அது கைகொடுக்கும். இராவணன் வினவாது விட்ட மூன்று வினாக்களும், அறிவித்தவர் யார், இடம் யாது, கண்டவர் எவர் என்பன, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விடை பெறுதல் வேண்டும்.